டிவிடியும் டெக்கும் ஒரே பெட்டியில்: பழையது கிடைத்தால் வாங்கலாமா?

நீங்கள் கேட்டது இதுதான். 1992-ல் எடுத்த அப்பா அம்மா கல்யாண கேசட் இரண்டு, அது போக காதுகுத்து, புதுமனை புகுவிழா, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் என்று மொத்தம் ஏழு விஎச்எஸ் வீடியோ கேசட் வீட்டில் இருக்கிறது. டிவிடி பிளேயரும் விசிஆரும் சேர்ந்த பழைய மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்கினால் பார்க்க முடியுமா, கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியுமா, வைத்திருந்தவர்கள் அனுபவம் என்ன?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் டெக், அதாவது கேசட் போடும் விசிஆர் பக்கம் நன்றாக ஓடினால் மட்டும். டிவிடி பக்கம் வேலை செய்தால் சரி, செய்யாவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, டிஸ்க் போட வேறு ஆயிரம் வழி இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: டிஸ்க்கில் ஏற்றியாகிவிட்டது என்று கேசட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் 1989-லிருந்து டிவி, டெக் பழுது பார்த்து வந்தவன். டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் முடியப் போகிற நேரம் அது. அகாய், நேஷனல், ஃபுனாய் என்று கனமான இரும்புப் பெட்டிகள்தான் அப்போது கைக்கு வரும். 2004-ல் மச்சான் துபாயிலிருந்து வரும்போது இடது பக்கம் டிஸ்க், வலது பக்கம் கேசட் என்று ஒரு காம்போ கொண்டு வந்தார். தூக்கிப் பார்த்ததுமே வித்தியாசம் தெரிந்தது, பழைய டெக்கின் எடையில் பாதிகூட இல்லை. உள்ளே திறந்தால் காரணம் புரியும். டெக்கின் விலை தரைமட்டத்துக்கு வந்த பிறகு செய்த மெஷின்கள் இவை, ஆகவே பல்சக்கரம், கேசட்டை உள்ளே இழுக்கும் லோடிங் ஆர்ம் எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக். கேசட் பக்கத்துக்கும் டிஸ்க் பக்கத்துக்கும் ஒரே பவர் சப்ளை, அது போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அதற்காக மோசம் என்று சொல்ல மாட்டேன். அந்த மெஷின் எங்கள் வீட்டில் பதினோரு வருடம் ஓடியது. டிவிக்கு ஒரே வயர், ஒரே ரிமோட், அம்மாவுக்குக்கூடத் தனியாகப் போட்டுப் பார்க்கத் தெரிந்தது. படம் பழைய நல்ல டெக்குக்கு ஈடாக இல்லை என்றாலும் கல்யாண கேசட்டுக்குப் போதும். விஎச்எஸ் தருவதே குறுக்குவாட்டில் சுமார் 240 கோட்டுத் தெளிவுதான், அதிலும் நம் ஊர் கல்யாண கேசட் பெரும்பாலும் மாஸ்டர் கிடையாது. ஸ்டூடியோக்காரர் மிக்சிங் செய்து, இதயத்துக்குள்ளே மாப்பிள்ளை பெண் முகம் வைத்து, சினிமாப் பாட்டு சேர்த்து, அதிலிருந்து போட்டுக் கொடுத்த காப்பி. இரண்டாவது, மூன்றாவது தலைமுறைக் காப்பியில் இல்லாத தெளிவை எந்த மெஷினாலும் கொண்டு வர முடியாது.

சரி, வைத்திருந்தவர்கள் எல்லாரும் சொல்லும் முதல் குறை எச்டிஎம்ஐ பற்றியது. பின்னால் எச்டிஎம்ஐ அல்லது பச்சை நீலம் சிவப்பு காம்போனென்ட் சாக்கெட் இருக்கும், நம்பி அதில் மாட்டுவார்கள், டிஸ்க் போட்டால் படம் வரும், கேசட் போட்டால் கருப்புத் திரை. மெஷின் பழுது என்று நினைத்து நிறையப் பேர் என்னிடம் தூக்கி வந்திருக்கிறார்கள். பழுதே இல்லை. பல மாடல்களில் அந்த சாக்கெட்டுகள் டிஸ்க் பக்கத்துக்கு மட்டும்தான், கேசட் படம் மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏவி வயரின் மஞ்சள் பின்னில்தான் வரும். பிற்பாடு வந்த சில மாடல்கள் கேசட் படத்தையும் எச்டிஎம்ஐ வழியாகப் பெரிதாக்கித் தந்தன, ஆகவே வாங்கும்போது கேசட்டைப் போட்டே இதைப் பார்த்துவிட வேண்டும். இதற்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. யாரோ மெனுவில் புரோகிரசிவ் ஸ்கேன் என்ற பட அமைப்பைப் போட்டு வைத்திருப்பார்கள், சில மாடல்களில் உடனே மஞ்சள் பின்னில் டிஸ்க் படம் மறைந்துவிடும். அதைத் திருப்பி மாற்ற ரிமோட் வேண்டும். ரிமோட் இல்லாத காம்போவைப் பாதி மெஷின் என்றே கணக்கு வையுங்கள், செட்டப் மெனு, காப்பி எடுப்பது, சில மாடல்களில் படத்தில் வரும் கோட்டைச் சரிசெய்யும் டிராக்கிங்கூட ரிமோட்டில் மட்டுமே இருக்கும்.

இன்றைய டிவிகள் பலவற்றில் மஞ்சள் சிவப்பு வெள்ளை சாக்கெட்டே கிடையாது. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்ன டப்பா கடையில் கிடைக்கிறது, சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் கேட்ட கடையிலெல்லாம் இருக்கும். பார்ப்பதற்கு அது போதும். படத்தை அகலமாக இழுத்துக் காட்டினால் டிவி செட்டிங்கில் நான்குக்கு மூன்று என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கல்யாணத்தில் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

அடுத்தது சிஸ்டம், அதாவது நாட்டுக்கு நாடு மாறும் டிவி பட முறை. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். இந்தியா, இலங்கை, வளைகுடா, பெரும்பாலான ஐரோப்பா எல்லாம் பால் (PAL) முறை, அதாவது 625 கோடு, விநாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி, 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30. அமெரிக்காவிலிருந்து யாராவது ஆசையாகக் கொண்டு வந்த மெஷின் என்றால் அது 110 வோல்ட்டில் ஓடும், நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் பவர் சப்ளை வெடித்துவிடும். ஸ்டெப்டவுன் வைத்து ஓட்டினாலும் உங்கள் பால் கேசட்டில் படம் ஒழுங்காக வராது. டிவிடி பக்கமும் அப்படித்தான், கடை டிஸ்க்கை ரீஜன் என்ற வட்டார எண்ணால் பூட்டியிருப்பார்கள், அங்கே விற்றது ரீஜன் 1, இந்தியாவில் விற்கும் கடை டிஸ்க் ரீஜன் 5. துபாயில் விற்ற மெஷின்களில் பல, பால், என்டிஎஸ்சி இரண்டும் ஓடும் மல்டி சிஸ்டமாகவே வந்தன, நமக்கு அதுதான் வசதி. கனடாவில் இருக்கும் சித்தி பிள்ளைகளின் பிறந்தநாளை எடுத்து அனுப்பிய கேசட் ஏதாவது உங்கள் ஏழில் இருந்தால் அதற்கும் மல்டி சிஸ்டம் தேவைப்படும். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வோல்ட்டேஜும் சிஸ்டமும் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

இப்போது காப்பி எடுக்கும் விஷயம். காம்போவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, டிஸ்க் பக்கம் பிளேயர் மட்டும். இன்னொன்று, டிஸ்க்கில் பதிவும் செய்யும் ரெக்கார்டர், ஒரு பட்டனை அழுத்தினால் கேசட்டில் ஓடுவது அப்படியே டிஸ்க்கில் ஏறும். வயர் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். 2007-ல் நானே அப்படி ஒன்று வாங்கினேன். தெருவில் விஷயம் பரவி ஒவ்வொரு வீட்டுக் கேசட்டும் வர ஆரம்பித்தது. ஒரு கோடை விடுமுறையில் மட்டும் நாற்பதுக்கு மேல் கல்யாணம் மாற்றியிருப்பேன். என் தங்கை கல்யாணமும் அதில் ஒன்று. ஒரு சின்ன உறை அளவு இடத்தில் கல்யாணமே அடங்கிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம், பலர் அன்றைக்கே கேசட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள்.

2016-ல் தங்கை மகள் அந்தக் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். டிஸ்க்கைப் போட்டோம், சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, படிக்கவில்லை. வேறு மெஷினில் போட்டால் தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், ஓரத்தில் சாயம் வெளுத்திருந்தது. கடையில் படத்தோடு விற்கும் டிஸ்க் அச்சில் அழுத்திச் செய்தது, அது நீடிக்கும். நாம் வீட்டில் எழுதும் டிஸ்க்கில் ஒரு சாயப் பூச்சு இருக்கிறது, லேசர் அதைச் சுட்டுத்தான் எழுதுகிறது. மட்டமான டிஸ்க்காக இருந்து, நம் ஊர் வெயிலும் ஈரமும் சேர்ந்தால், அந்தச் சாயம் பத்து வருடம் தாங்காது. அம்மா அந்தக் கேசட்டைத் தூக்கிப் போடவில்லை. கூறைப் புடவையோடு சுற்றி பீரோவில் வைத்திருந்தார். எடுத்து ஒரு பழைய டெக்கில் போட்டேன், ஆரம்பத்தில் கொஞ்சம் கோடு ஓடியது, அப்புறம் முகூர்த்தம் முழுதும் வந்தது, இறந்துபோன எங்கள் பெரியப்பா பந்தியில் நின்று பரிமாறுவது உட்பட. அந்த வருடம் நான் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். டிஸ்க் படிக்காத வீடுகளில் பாதிப் பேரிடம் கேசட் இல்லை. அவர்களுக்கு நான் செய்து தர ஒன்றும் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ரெக்கார்டர் காம்போவில் இன்னும் இரண்டு தொல்லை. காப்பி எடுத்த டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவு முடிந்தது என்று மெனுவில் மூடாமல் விட்டால் வேறு மெஷின் எதிலும் ஓடாமல் போக வாய்ப்பு அதிகம், எழுதிய மெஷினில் மட்டும் ஓடும், அது பழுதானால் டிஸ்க் சும்மா தட்டுதான். இன்னொன்று காப்பி பாதுகாப்பு. கடையில் வாங்கிய படக் கேசட்டுகளில் காப்பி எடுக்க விடாமல் ஒரு சிக்னல் சேர்த்திருப்பார்கள், அதைக் கண்டதும் ரெக்கார்டர் நின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், பழையதாகி சிக்னல் ஆடுகிற வீட்டுக் கேசட்டைக்கூட சில மெஷின்கள் அப்படியே நினைத்துக்கொண்டு, அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். உங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, மெஷின் தப்பாகப் புரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் ஏழு கேசட்டை டிஸ்க்கில் ஏற்ற வேண்டாம், நேராகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். மஞ்சள் பின்னையும் ஆடியோ பின்னையும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் மாட்டினால் போதும். பால் கேசட்டுக்கு 720-க்கு 576, விநாடிக்கு 25 சட்டம் என்று வையுங்கள். DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவத்தில் எடுத்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். பிடிக்கட்டும், முதலில் எடுப்பதை மேலும் அமுக்காமல் வைத்துக்கொண்டு, வாட்ஸப்பில் அனுப்ப வேண்டியதை மட்டும் பிறகு சிறிதாக்கிக்கொள்ளுங்கள். ரொம்ப மலிவான கருவிகள் டேப் ஆடுகிற இடத்தில் சட்டங்களைத் தவறவிடும், சத்தம் ஒரு பக்கம் உதடு ஒரு பக்கம் போகும். இதற்குத் தெரிந்தவர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு: பானாசோனிக்கின் பழைய டிவிடி ரெக்கார்டர்களில் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 என்ற இரண்டு மாடலை டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வைத்துவிடுவார்கள். பதிவு செய்ய இல்லை, சிக்னல் அதன் வழியாகப் போய் வரும்போது ஆட்டம் நிற்கும் என்பதற்காக. கிடைத்தால் நல்லது, அதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள், கேசட் பீரோவிலேயே இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலை மாதத்தோடு நிறுத்திவிட்டது. ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒன்றரைக் கோடி விற்ற கம்பெனி, 2015-ல் ஏழரை லட்சத்துக்கு இறங்கியது, உதிரிப் பாகமும் கிடைக்காமல் போகவே கடையைக் கட்டியது. ஆக உங்களுக்குக் கிடைக்கப் போவது எவ்வளவு புதியதாக இருந்தாலும் பல வருடம் பழையதுதான், பெரும்பாலும் இருபதை நெருங்கியிருக்கும். இதுவரை பிரிக்கவே இல்லை, சீல் உடையாத பெட்டி என்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஓடாமல் இருந்தாலும் டேப்பை அழுத்தி இழுக்கும் பின்ச் ரோலரின் ரப்பர் இறுகும், பெல்ட் தளரும், கிரீஸ் பிசின் மாதிரி ஆகும், கண்டன்சர் வீங்கும். மாதம் ஒரு முறையாவது ஓட்டிய மெஷின்தான் என் தேர்வு.

போகும்போது போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டைக் கொண்டு போங்கள். கல்யாண கேசட்டை எடுத்துப் போகவே கூடாது. போட்டு இருபது நிமிடமாவது ஓட விடுங்கள், முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடி, சூடேறிய பிறகு இழுக்க ஆரம்பிக்கும் மெஷின்கள் நிறைய. முன்னே பின்னே வேகமாக ஓட்டுங்கள், நாலைந்து தடவை வெளியே எடுத்து உள்ளே போடுங்கள், கடகட என்று பல் தவறும் சத்தம் கேட்டால் லோடிங் கியர் போகப் போகிறது. கடைசியாகக் கேசட்டின் மூடியைத் தூக்கி டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். நேராக வழுவழுப்பாக இருந்தால் நல்லது. ஓரம் சுருங்கி அலையலையாக இருந்தால் மெஷின் டேப்பைக் கடிக்கிறது, எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். டிஸ்க் பக்கத்துக்கு ஒரு கடை டிஸ்க், ஒரு வீட்டில் எழுதிய டிஸ்க் இரண்டையும் போட்டுப் பாருங்கள். கடை டிஸ்க் மட்டும் ஓடினால் டிஸ்க்கைப் படிக்கும் பிக்கப் லென்ஸ் தளர்ந்திருக்கலாம். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், வாங்காமல் வர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கேசட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப் சுருளின் மேல் வெள்ளையாக, விபூதி தூவினாற்போல் இருந்தால் அது பங்கஸ், அதாவது பூஞ்சணம். நம் ஊர் மழைக்காலத்துக்குப் பரணில் கிடந்த கேசட்டில் இது சாதாரணம். அதை ஓட்டாதீர்கள். ஒரு கேசட்டின் பங்கஸ், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கெல்லாம் பரவும், டேப் ஈரமாக ஒட்டியிருந்தால் கிழிந்தும் போகும். அந்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்து, கேசட் சுத்தம் செய்து மாற்றித் தருபவர்களிடம் கொடுப்பதுதான் சரி. சுத்தமானவற்றைக்கூட நேராகப் பிளே போடாமல், ஒரு தடவை கடைசி வரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றிவிடுங்கள், வருடக்கணக்கில் இறுகிய சுருள் தளரும்.

படத்தில் கோடு வந்தால் பதற வேண்டாம். ஓடும்போது சேனல் மேல் கீழ் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்தினால் பல மெஷின்களில் டிராக்கிங் நகரும். ஒவ்வொரு ஸ்டூடியோவின் டெக்கும் ஒவ்வொரு மாதிரி ஒத்திருக்கும், அதனால் காதுகுத்துக்குச் சரியாக இருந்த டிராக்கிங் கல்யாணத்துக்குச் சரியாக இருக்காது. சத்தம் கரகரவென்று இரைந்தால் ஆடியோவை ஹைஃபையிலிருந்து நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். அந்தக் காலத்துக் கல்யாண கேசட் பெரும்பாலும் டேப்பின் ஓரத்தில் பதிந்த சாதாரண மோனோ சத்தம்தான்.

முழுத் திரையும் பனி பெய்கிற மாதிரி ஆனால் ஹெட் அழுக்கு. கிளீனிங் கேசட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், உலர்ந்த வகை ஹெட்டையே தேய்க்கும். மேல்மூடியைத் திறந்து சுத்தம் செய்வதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள், பவர் சப்ளைப் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வழுவழுப்பான வெள்ளைத் தாள் துண்டை, ஹெட் பதித்த உருளையான டிரம் மேல் லேசாக வைத்து அசைக்காமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்கக் கூடாது, காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம். ஓடும்போது நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் டிரம் அது. அதன் ஹெட் முனை நகத்தின் ஓரத்தைவிடச் சின்னது, ஒரு பஞ்சு நூல் மாட்டினால் ஒடிந்துவிடும், மாற்று ஹெட் இன்றைக்குத் தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

எல்லாம் சரியான பிறகு புதுமனை கேசட்டில் ஆரம்பியுங்கள், இரண்டு கேசட்டுக்கு ஒரு முறை ஹெட்டைத் துடையுங்கள், கல்யாணத்தைக் கடைசியில் வையுங்கள், அதற்குள் மெஷினின் குணம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஓட விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். சத்தம் மாறினாலும் படம் இழுத்தாலும் உடனே ஸ்டாப். டேப் சிக்கிவிட்டால் எஜெக்டை மறுபடி மறுபடி அழுத்தவோ வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இழுக்கவோ வேண்டாம். பவரை அணைத்து, மூடியைக் கழற்றி, சிக்கிய இடத்திலிருந்து விரலால் மெதுவாக விடுவியுங்கள். கசங்கிய டேப்பைக்கூட நிமிர்த்தி ஓட்டிவிடலாம், இரண்டு விநாடி கோடு வரும், அவ்வளவுதான். அறுந்துவிட்டால் சாதாரண செல்லோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை ஹெட்டில் போய் அப்பிக்கொள்ளும். கேசட்டின் பின்னால் ஐந்து திருகாணி இருக்கும், அதைக் கழற்றிச் சரிசெய்யத் தெரிந்த ஆள் கிடைக்கும் வரை அப்படியே ஒரு சுத்தமான கவரில் போட்டு வையுங்கள்.